மயில் மணவறையும் முக்கால் மணித்தியாலமும்

மணவறை போடுறவனுக்கு எதிரி ரண்டு: ஒண்டு மழை, மற்றது மற்ற மணவறைக்காரன். மழை எண்டாலும் எப்பவாவது விடும். கேக் அடிக்கிறவையோ, வான் ஓடுறவையோ, படம் எடுக்கிறவையோ, போனிலை தன்ரை தொழிலைத் தேடிப்பாத்து, அடுத்தவன்ரை பேர் மேலை கிடக்கக் கண்டு வயிறு எரிஞ்ச ஆக்கள் எல்லாரும் என்ரை இனசனம். உங்களுக்குத்தான் இதைச் சொல்லுறன், மற்றவைக்கு விளங்காது.

ஒரு போன் வந்தது

நான் அரியாலையிலை பதினைஞ்சு வருசமா மணவறை போடுறன். என்ரை சகலன் ரூபன், அதாவது மனுசியின்ரை தங்கச்சியைக் கட்டினவன், வட்டுக்கோட்டையிலை நாலு வருசமாப் போடுறான். அவன் தொழில் பழகினது ஆரிட்டை எண்டு நான் சொல்லமாட்டன், எனக்குப் பெருமையடிக்கிற பழக்கம் இல்லை. என்னட்டைத்தான்.

இந்த ஆவணிக்குத் தெல்லிப்பழையிலை ஒரு கலியாணம். பொம்பிளையின்ரை தாய் விஜயாக்கா, கனடாவிலை இருக்கிறா. மண்டபம் முட்ட வெளிநாட்டுச் சனம் வரும். அந்த மேடையை ஆர் போடுறானோ, அடுத்த மூண்டு வருசத்துக்கு அவன்தான் ராசா. அந்த விஜயாக்காவே எனக்குப் போன் எடுத்தா. எனக்குச் சந்தோசத்திலை புழுகம் தாங்கேல்லை. கேட்டால், வீட்டு முத்தத்துக்குப் பந்தல் போட ஆரோ என்ரை நம்பரைக் குடுத்திருக்கினமாம். "பந்தலை விடுங்கோ அக்கா, மணவறைக்கு ஆர்?" எண்டன். போனிலை தேடினவையாம், முதலாவதா வட்டுக்கோட்டை ரூபன் வந்தவராம், அவரோடை கதைக்கப்போகினமாம். நானும் அதே தொழில்தான் எண்டு வெக்கத்தை விட்டுச் சொன்னன். அதுக்கு அக்கா கேட்டா:

"ஓ... நீங்களும் போடுறனீங்களோ?"

சிலபேர் சொல்லுவினம்

சரி, உங்கடையையும் பாத்து மாசக் கடைசியிலை ரண்டிலை ஒண்டைச் சொல்லுறன் எண்டு அக்கா போனை வைச்சா. நான் போனை வைக்கேல்லை. அதிலையே "யாழ்ப்பாணம் மணவறை" எண்டு தேடினன். ரூபன் முதலாவது. நான்? விரலாலை தள்ளித் தள்ளி, நகம் தேய்ஞ்சு, அடுத்த பக்கத்திலை கண்டுபிடிச்சன். எனக்கு மேலை சவப்பெட்டிக்காரன் ஒருத்தன் நிக்கிறான்.

உடனை மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஞ்சுசந்திக்குப் போனன். அங்கை இருக்கிற றிஸ்வான்தான் என்ரை வெப்சைட்டைச் செய்தவர், பொறுமையான மனுசன். அவர் சொன்னார்: ஆக்கள் ஒரு பக்கத்தை அமத்தி உள்ளை போய் எவ்வளவு நேரம் நிக்கினம், போன கையோடை திரும்பி வருகினமோ எண்டதை அந்தத் தேடுற மிசின் பாத்துத்தான் மேலை கீழை போடுதாம் எண்டு சிலபேர் சொல்லுவினம். வேறை சிலபேர் அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு அடிச்சுச் சொல்லுவினம். மிசின் வைச்சிருக்கிறவை ஒருக்காலும் முழுசா வாய் திறக்க மாட்டினம். நல்ல படம் போட்டு, பக்கம் கெதியாத் திறந்தால் சனம் தானா நிக்கும்; மிசின் பாத்தாலும் லாபம், பாக்காட்டிலும் லாபம்.

இவ்வளவும் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடை விட்ட ஆள். பள்ளிக்கூடத்திலையும் பாடத்தின்ரை முதல் பாதியைத்தான் கேக்கிறனான். "அப்ப நூறு பேர் வந்து உள்ளை நிண்டால் நான் மேலை போவன், என்ன?" எண்டு கேட்டன். அவர் கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சார்.

"அண்ணை, உங்கடை பக்கம் திறந்து முடியிறதுக்குள்ளை பொம்பிளைக்குப் பிள்ளையே பிறந்திடும். முதல் அதைப் பாப்பம்."

பத்து நிமிசத் திட்டம்

நான் ஏன் பாக்கிறன்? எனக்கு ஏழு நாட்டிலை இனசனம் இருக்குது. குடும்பக் குறூப்பிலை ஒரு கட்டளை போட்டன்: எல்லாரும் ஒவ்வொரு நாளும் "யாழ்ப்பாணம் மணவறை" எண்டு தேடவேணும், என்ரையை அமத்தவேணும், உள்ளை பத்து நிமிசம் நிக்கவேணும். எல்லாரும் கைகூப்பிற படம் போட்டவை. பாரிஸ் சின்னம்மா பக்கத்தைத் திறந்து குசினி மேசையிலை வைச்சிட்டு மீன் வெட்டப் போயிட்டா. ஜேர்மனி மச்சான், முதலாவதாத் தெரியிறதை விட்டிட்டு ஏன் கீழை இறங்கித் திரிவான் எண்டு ரூபன்ரையையே அமத்தியிருக்கிறான், அதுவும் ஆறு நாள். லண்டன் மாமாதான் ஒழுங்கா என்ரைக்கு வந்த ஒரேயொரு சீவன். ஒரு கிழமை கழிச்சுப் போன் எடுத்தார்.

"தம்பி, உன்ரையிலை பத்து நிமிசம் நிக்க என்னடா கிடக்கு? நாலு படம், அதிலை ஒண்டு உன்ரை வான். நேரம் போகேல்லையெண்டு ரூபன்ரைக்குப் போனன், அரை மணித்தியாலம் போனது தெரியேல்லை. என்ன வடிவடா!"

உடனை வாறன்

என்னை மேலை ஏத்த ஏலாட்டில் அவனை இறக்குவம் எண்டு யோசிச்சன். யோசனை லேசு: அவன்ரை பக்கத்துக்குள்ளை போறது, மணக்கிற கக்கூசுக்குள்ளை போனவன் மாதிரி உடனை வெளியிலை வாறது. உவன்ரை சரியில்லைப் போலை எண்டு மிசின் நினைக்கும். காலமை எழும்பி முகம் கழுவ முன்னம் முதல் வேலை இதுதான்.

போனன் பாருங்கோ, வாசலிலையே மயில் நிக்குது. ரண்டு பக்கமும் ரண்டு மயில். அதுகளின்ரை தோகை விரிஞ்சு, மேலை போய்ச் சந்திச்சு, அதுதான் கூரை. நான் பதினைஞ்சு வருசமா நாலு தூணை நட்டுச் சீலை சுத்துறன், இவன் மயிலை வளைச்சுக் கூரை போட்டிருக்கிறான்! ஒட்டின இடம் எங்கையாவது தெரியுதோ எண்டு ரண்டு விரலாலை இழுத்துப் பெரிசாக்கிப் பாத்தன். தெரியேல்லை. மற்றப் பக்கத்தாலை பாத்தன். அங்கையும் தெரியேல்லை. பின்பக்கத்துப் படம் ஒண்டு போட்டிருந்தால் உவன்ரை குட்டு வெளிப்படும், கள்ளன், போடேல்லை. அடுத்த நாளும் போனன். அதுக்கு அடுத்த நாளும். தேத்தண்ணியோடை நிண்ட என்ரை மனுசி ரஜி ஒருநாள் கேட்டா:

"இஞ்சாருங்கோ, உடனை வாறன் எண்டு போனனீங்கள், தேத்தண்ணியிலை இலையான் மொய்ச்சு, விழுந்து நீந்துது. மயிலுக்குத் தீன் வைச்சு முடிஞ்சுதோ?"

திவசத்திலை ஒரு கேள்வி

ரஜியின்ரை தகப்பன்ரை ஆண்டுத் திவசத்துக்கு எல்லாரும் மாமி வீட்டிலை கூடினம். பந்தியிலை எனக்குப் பக்கத்திலை ரூபன். நல்ல பெடியன்தான், அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனா இருந்தால் நிம்மதியாப் பொறாமைப்படலாம். சோத்துக்குள்ளை பாயாசத்தைக் கலந்து அடிச்சுக்கொண்டு, தன்ரை வெப்சைட்டுக்கு ஆர் வருகினம், எவ்வளவு நேரம் நிக்கினம் எண்டு ஒரு கணக்குத் தனக்கு வாறது எண்டான். பேர் தெரியாதாம், எந்தப் பக்கத்து ஆள் எண்டு மட்டும் ஒரு மட்டுக்குக் காட்டுமாம்.

எனக்குப் பப்படம் தொண்டையிலை நிண்டுட்டுது. எதிரிலை கறி விட்டுக்கொண்டு நிண்ட ரஜி முந்தானையாலை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளை ஓடினா. ரூபன் ஒண்டும் விளங்காமல் எனக்குத் தண்ணி ஊத்தித் தந்தான்.

"அண்ணை, யாழ்ப்பாணப் பக்கத்திலை ஆரோ ஒரு மனுசன் ஒவ்வொரு நாளும் விடியவே வந்து மயிலுக்கு முன்னாலை முக்கால் மணித்தியாலம் நிக்குது. பாவம், கையிலை காசில்லைப் போலை. ஆரெண்டு தெரிஞ்சால் சொல்லுங்கோ, குறைச்சுச் செய்து குடுப்பம்."

மற்ற மயில்

மாசக் கடைசி வந்தது. விஜயாக்கா எடுத்தா. அவவுக்கு என்ரை பேச்சுப் பிடிச்சிருக்கு, என்ரை வயசும் அனுபவமும் பிடிச்சிருக்கு, முக்கால்வாசி என்ரை பக்கம்தான் நிண்டா. இன்னும் ஒரு வசனம் நான் வாய் பொத்தி இருந்திருந்தால் அலுவல் முடிஞ்சிருக்கும். ஆனால் அவா, "ரூபன்ரை மயிலைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறியள், தொழில் தெரிஞ்ச ஆள் எண்டபடியால் கேக்கிறன்" எண்டா.

இதைவிடச் சந்தர்ப்பம் கிடைக்குமோ? விட்டன் பாருங்கோ. அக்கா, கழுத்து நீலம் ஒரு சொட்டு அதிகம். பொம்பிளை பச்சைக் கூறைச்சீலையெண்டால் சரி, எடுபடும், சிவப்பெண்டால் கொஞ்சம் யோசிக்கவேணும். தோகையிலை கண்ணுக்குக் கண்ணாடி வைச்சிருக்கிறான், விளக்கு வெளிச்சம் பட்டால் பொம்பிளையின்ரை முகத்திலை வந்து மினுங்கும், அது சிலபேருக்குப் பிடிக்காது. இடப்பக்கத்து மயிலுக்கு இருபது கண், வலப்பக்கத்து மயிலுக்குப் பத்தொன்பது, ஒண்டை வைக்க மறந்திட்டான், அதுதான் அவன்ரை வேலை! எண்டு மூச்சு விடாமல் சொல்லி முடிச்சன். பிழையை எல்லாம் கிண்டி எடுத்துக் குடுத்திட்டன் எண்டு எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. விஜயாக்கா சிரிச்சா, நல்ல மனசுக்காரி, நன்றியும் சொன்னா.

"தம்பி, தொழில்காரன் ஒருத்தன் கண்ணை எண்ணுற அளவுக்கு நிண்டு பாக்கிற மணவறை எண்டால், என்ரை பிள்ளைக்கு அதுதான் வேணும். நீங்கள் பந்தலைப் போடுங்கோவன்."

ஆக்கள் எந்தப் பக்கத்திலை எவ்வளவு நேரம் நிக்கினம் எண்டதை அந்த மிசின் பாக்குதோ பாக்கேல்லையோ, அது இண்டைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் கனடாவிலை இருந்து விஜயாக்கா பாத்திட்டா.