ராகேல் என்றால் செம்மறி

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் ரங்கூனில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்களுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் யூதக் கிழவி படிக்கட்டில் வந்து நின்று, "ராஹேல்! ராஹேல்!" என்று கூப்பிடுவாள். நான் போய் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வர வேண்டும். வெள்ளி இருட்டினது முதல் சனி இருட்டும் வரைக்கும் அவர்கள் ஜனம் நெருப்பைத் தொடாது. மூட்டவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைத்துவிட்டுப் போ என்று வாய்விட்டுச் சொல்லவும் கூடாதாம். அதனால் கிழவி என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு அடுப்பைப் பார்ப்பாள், பிறகு பெருமூச்சு விடுவாள். நானாகவே புரிந்துகொண்டு அணைத்துவிட்டால் கட்டளையும் மீறப்படவில்லை, கரியும் வீணாகவில்லை. கடவுளுக்கே கணக்கு சொல்லிக் கொடுக்கிற ஜனம் என்று முதலில் எனக்கு இளக்காரமாக இருந்தது. எங்கள் ஜனத்தின் யோக்கியதையை நினைத்துப் பார்த்த பிறகு அந்த இளக்காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்தில்தான் கிழவி என் பெயரைக் கேட்டாள். இருவருக்கும் பொதுவான பாஷை இந்துஸ்தானி. ஆம்பூரில் பாய் வீட்டுப் பெண்களோடு பழகிய இந்துஸ்தானி என்னுடையது; அவளுடையது பாக்தாத்திலிருந்து வந்து பம்பாயில் இறங்கி ஏறினது. ராகேல் என்று சொன்னதும் கிழவி என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "நீ எங்க ஆளா? எந்த ஊர்?" என்றாள். ஆம்பூர் என்றேன். "அது ஏமன் தேசத்துலயா இருக்கு?" என்று ஆவலாகக் கேட்டாள். வேலூருக்கு அந்தண்டை என்றேன். வேலூரும் அவளுக்கு ஏமனில்தான் இருந்தது. நான் கிறிஸ்தவச்சி என்று விளங்கவைக்க அரை நாழிகை பிடித்தது. விளங்கினதும் அவள் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே இறங்கிப் போயிற்று.

"அப்போ இந்தப் பேர் உனக்கு யார் வெச்சது? உன் பாட்டி பேரா?" என்றாள். பாதிரி வைத்தார் என்றேன். "என் பாட்டி ராஹேல். என் பேத்தி ராஹேல். உனக்குப் பாதிரி பாட்டியா?" என்று சிரித்தாள். பிறகு, அர்த்தமாவது தெரியுமா என்று கேட்டாள். அழகி என்று அர்த்தம் என்றேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கிழவி தலையை ஆட்டி, "பேட், பேட்" என்றாள். பேதம் இருக்கிறது, அர்த்தம் வேறே என்று சொல்கிறாளாக்கும் என்று நான் பாட்டுக்கு நின்றேன். அவள் பொறுமை இழந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றாத குறையாகக் குனிந்து, "மே... மே..." என்று கத்திக் காட்டினாள். இந்துஸ்தானியில் பேட் என்றால் செம்மறியும்தான். ராகேல் என்றால் பெண் செம்மறி. யாக்கோபின் காலத்தில் ஆடு மேய்த்த குடும்பம், மகளுக்கு ஆட்டின் பெயரை ஆசையாக வைத்திருக்கிறது. அவர்களுக்கு அதில் வெட்கமில்லை. ஆட்டோடு வாழ்ந்தவர்கள், வைத்துக்கொண்டார்கள்.

நாங்களும் ஆட்டோடு வாழ்ந்தவர்கள்தான், ஆனால் தோலாக வந்த பிறகு. ஆம்பூரில் என் அப்பா தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். தொட்டியில் ஊறுவது முக்கால்வாசி செம்மறித் தோல். அம்மா தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடித்தவள். எனக்கு ஐந்து வயதாகும்போது எங்கள் சேரியில் பதினோரு குடும்பங்கள் ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கின. வெள்ளைக்காரத் துரை ஒருவரும் வந்திருந்தார். ஊர்ப் பாதிரி, நாங்கள் ஐயர் என்போம், வேதபுஸ்தகத்திலிருந்து பெயர்களைத் தாளில் வரிசையாக எழுதிவந்து, ஆள் வர வர ஒன்றொன்றாக அடித்துக்கொண்டே போனார். பூங்காவனமாக உள்ளே போன அம்மா சாராளாக வெளியே வந்தாள். எனக்கு ராகேல் கிடைத்தது. எனக்கு வெகுபின்னால் நின்ற பிள்ளைக்கும் ராகேல்தான் கிடைத்தது, பெண்பிள்ளைகளின் வரிசை தீர்ந்து மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்துவிட்டார். போர்டிங் பள்ளிக்கூடத்தில் நாங்கள் நான்கு ராகேல்கள். நெட்டை ராகேல், குட்டை ராகேல், வேலூர் ராகேல், தோல்ஷாப்பு ராகேல். அந்தக் கடைசிப் பெயர் என்னுடையது. எத்தனை சோப்பு போட்டாலும் அது போகவில்லை.

ஐயரின் குமாரத்திகள் இருவரும் அதே பள்ளியில் படித்தார்கள். ஒருத்தி கமலநாயகி, இன்னொருத்தி சௌந்தரவல்லி. ஐயர் தம் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டத்தை முந்தின தலைமுறையிலிருந்து பத்திரமாகத் தூக்கிவந்தவர். எங்கள் பெயர்களில் மட்டும் அஞ்ஞான வாடை அடித்தது அவருக்கு. தம் வீட்டில் தாமரை பூத்தால் அது தமிழ். எங்கள் வீட்டில் பூத்தால் பேய் வணக்கம். நான் சிறு வயதில் இதைக் கவனிக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் ஆபிரகாம், யோசேப்பு, ரெபெக்காள் என்று புதுப் பெயர்களை நீட்டி முழக்கிக் கூப்பிட்டுக்கொண்டு, சம்பந்தியிடம் அதைப் பெருமையாகவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமையை நினைத்தால் எனக்கு இன்னும் காது கூசுகிறது.

ரங்கூனில் எனக்கு மகள் பிறந்தாள். என் வீட்டுக்காரர் ஈசாக்கு தோல் கிடங்கில் மாட்டுத்தோல் தரம் பிரிக்கிறவர். நல்ல மனுஷர், ஆனால் அங்கி போட்ட யாரைக் கண்டாலும் எழுந்து நிற்கிறவர். அவர் என்னைக் கேட்காமல் ஊர் ஐயருக்குக் கடிதம் எழுதிப் பெயர் கேட்டுவிட்டார். கப்பலேறிப் பதில் வந்தது: லேயாள். யாக்கோபின் மூத்த மனைவி, ராகேலின் அக்காள். அம்மாவுக்கு மகள் அக்காளாகிறாளே என்றுகூட ஐயருக்குத் தோன்றவில்லை, தாளில் அடுத்த பெயர் அதுதான் போலிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாடிக்குப் போனபோது கிழவியிடம் அர்த்தம் கேட்டேன். "களைச்சுப்போனவள்னு சிலர் சொல்வாங்க. காய்னு சிலர் சொல்வாங்க" என்றாள். காய் என்றால் பசு. அது எனக்குத் தெரியும். கிழவி விரல் விட்டு எண்ணினாள். "செம்மறி பசு போட்டிருக்கு. உன் புருஷனுக்கு வேற இன்னா வேலை? தோல் வேலைதானே?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுப்பை அணைக்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

அன்று இரவே முடிவு செய்தேன். யார் தாளிலிருந்தும் வேண்டாம். கிழவி பேத்திக்குத் தன் பாட்டி பெயரை வைத்திருப்பதுபோல நான் என் அம்மா பெயரை வைக்கிறேன். ஞானஸ்நானத்தன்று தமிழ்ச் சபையின் ரங்கூன் ஐயர் குழந்தையைக் கையில் வாங்கிப் பெயர் கேட்டார். ஈசாக்கு வாயெடுப்பதற்குள் நான், "பூங்காவனம்" என்றேன்.

ஐயர் கையை நிறுத்தினார். "அது அஞ்ஞானப் பெயரம்மா. இங்கே எடுபடாது."

"ஆதாமையும் ஏவாளையும் கர்த்தர் எங்க குடிவெச்சாரு, ஐயரே?"

"ஏதேன் தோட்டத்தில்."

"தோட்டம்னா இன்னா? பூங்காவனந்தானே?"

பின் பெஞ்சியில் யாரோ சிரித்துவிட்டார்கள். பின் பெஞ்சி எங்கள் ஜனம் உட்காரும் இடம். பர்மாவுக்குக் கப்பலேறும்போது அந்த பெஞ்சியையும் கூடவே ஏற்றி வந்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். ஐயர் காது சிவக்க, ஸ்திரீகள் சபையில் வாயடக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தலையில் தண்ணீரை அள்ளி வார்த்து, லேயாளே என்று ஞானஸ்நானம் கொடுத்து முடித்தார். ரிஜிஸ்தரில் ஈசாக்கு கையெழுத்துப் போட்டார். ரிக்ஷாவில் வரும்போது, "மானத்த வாங்கிட்டியே" என்று ஒரே வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அவர் குழந்தையை லேயா என்பார், நான் பூங்காவனம் என்பேன். மாடிக் கிழவிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. யாருடைய பெயர் என்று கேட்டாள். என் அம்மாவுடையது என்றேன். "உயிரோட இருக்காளா? அப்போ நல்ல பேர். அவகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா" என்றாள்.

மகளுக்கு மூன்று வயதானபோது அதைச் சொல்லத்தான் ஊருக்குப் போனேன். சென்னையில் இறங்கி ரயிலேறி ஆம்பூர் சேர்ந்தபோது, ஸ்டேஷனிலேயே அந்தத் தோல் நாற்றம் எதிர்கொண்டு வந்தது. அம்மா வாசலில் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். பேர் சொல்லுடி தங்கம் என்று கொஞ்சினாள். நானே முந்திக்கொண்டு, "உன் பேருதாம்மா. பூங்காவனம்" என்றேன். அவள் முகம் மலரும் என்று ஆறு நாள் கப்பலில் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன்.

அம்மா குழந்தையை இறக்கிவிட்டாள். "யாருடி உன்னை இந்தப் பேரை வெக்கச் சொன்னது?"

"நல்ல பேருதானேம்மா. அந்த ஐயருங்க குடுத்ததுக்கு என்னா அர்த்தம் தெரியுமா? செம்மறி, பசு..."

"அர்த்தம் கெடக்கட்டும். அந்தப் பேரைச் சொல்லி என்னை எவனாவது மரியாதையா கூப்ட்ருக்கானா? ஏய் பூங்காவனம், எட்டி நில்லு. ஏய் பூங்காவனம், வழிய விட்டுப் போ. உன்னைப் பெத்த பெறகும் அப்டித்தான். அன்னைக்கிக் கோயில்ல தொரை கைய நீட்டி, வாங்க சாராள் அம்மான்னாரு. அம்மான்னு என்னைக் கூப்ட்ட மொத ஆளு அவருதான். நான் கழட்டிப் போட்டத நீ பொறுக்கினு வந்து கொயந்தைக்கு மாட்டியிருக்கியே, நீ படிச்ச படிப்புக்கு இதான் லட்சணமா?"

இத்தனை வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த என் இளக்காரத்துக்கு அவள் பக்கத்தில் ஒரு பைசா மதிப்பில்லை. ஐயர்கள் மேல் அது இன்றும் அப்படியே இருக்கிறது, அதில் குறை வைக்கமாட்டேன். ஆனால் அம்மாவைக் கேட்காமல் அவள் பெயரை எடுத்தவள் நான். அவளைக் கேட்காமல் அதைப் பறித்தவர்கள் அவர்கள். இதில் நான் எந்த விதத்தில் உசத்தி? ஊரிலிருந்த ஒரு மாதமும் அம்மா குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, பாப்பா என்றாள். நானும் பயந்துகொண்டு பாப்பா என்றே கூப்பிட்டேன்.

திரும்பும்போது சென்னைத் துறைமுகத்தில், டெக் பிரயாணிகளைச் சோதிக்கிற கொட்டகையில் மணிக்கணக்காக நின்றோம். அம்மை குத்தின தழும்பைப் பார்த்து முடித்ததும் ஒரு குமாஸ்தா என் பெயரைக் கேட்டு எழுதினார். பிறகு மேஜைக்கு மேலாகக் குனிந்து, "பாப்பா, உன் பேர் இன்னாம்மா?" என்று குழந்தையைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று எனக்கும் ஓடவில்லை. ரங்கூனில் கீழ்வீட்டுப் பர்மாக்காரி மடியில் வளர்ந்த பிள்ளை, அவள் பாஷையிலேயே, "மதிபூ" என்றது. தெரியாது என்று அதற்கு அர்த்தம்.

குமாஸ்தா பேனாவை மையில் தொட்டு, மதிப்பூ என்று சுத்தமாக எழுதினார். "கண்ட கண்ட பேரெல்லாம் வெக்கிற காலத்துல, நல்ல தமிழ்ப் பேரா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிச் சீட்டை என் கையில் கொடுத்தார். சந்தோஷம் ஐயா என்று வாங்கிக்கொண்டேன். குழந்தை அதற்குள் என் கையை உதறிவிட்டு, எதையோ பர்மிய பாஷையில் பாடிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட வாயைத் திறந்தேன். எந்தப் பெயரும் வராமல், கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.