முசுறுக்குப் பொடி போடாத வருஷம்

மருந்தடிக்காமல் இருந்தால் போதும், அதுதான் இயற்கை விவசாயம் என்று நினைத்து, சேர்ந்து சான்றிதழ் வாங்கும் விவசாயிகள் குழுவில் கையெழுத்துப் போட்டேன். என் அசட்டுத்தனம் முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. தலைச்சோலையில் எனக்கு இருப்பது இரண்டு ஏக்கர் காப்பி. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. அதற்கு ஒரு வரைபடம், தினமும் எழுத ஒரு நோட்டு, வாங்கிய சாமானுக்கெல்லாம் பில். பக்கத்து எஸ்டேட்டில் அடிக்கிற மருந்து காற்றில் வருமாம். அதனால் வேலியோரத்து மிளகைத் தனியாகப் பறித்துச் சாதா மிளகாக விற்க வேண்டும். யாரோ அடிக்கிற மருந்துக்கு நான் தண்டம் அழுதேன். இப்படி மூன்று வருஷம் சுத்தமாக இருந்தால்தான் சான்றிதழ். எங்கள் குழுவில் ஒருத்தர் தப்புச் செய்தாலும் அத்தனை பேருக்கும் போச்சு.

மூன்றாவது வருஷம் மிளகு பழுத்த நேரத்தில் முசுறு ஏறிவிட்டது. இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்தால் விடாது. முன்பெல்லாம் பறிப்புக்கு முந்தின நாள் மரத்தில் எறும்புப் பொடி தூவுவோம், அப்புறம்தான் ஆள் ஏறுவான். அதை மருந்து என்று நாங்கள் யாரும் நினைத்ததே இல்லை. மிளகுக்கா போட்டோம்? ஏறுகிறவனுக்குப் போட்டோம். குழு ஆபீசில் கேட்டதற்குப் பொடி கூடாது, சாம்பல் போடுங்கள் என்றார்கள். போட்டேன். முசுறு அதன் மேலேயே நடந்து போனது.

எங்களுக்கு வருஷா வருஷம் மிளகு பறிப்பவன் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். அன்று காலை மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"ஏனுங்கக்கா, பொடி தூவலீங்களா?"

"இந்த வருஷம் ஆகாது தம்பி."

"நொம்பக் கெடக்குதுங்க. ஒரு கை தூவுனாப் போதும், ஆருக்குத் தெரியப் போவுது?"

"எலையப் பறிச்சுட்டுப் போயி டெஸ்ட் பண்ணுவாங்க. இத்தன நாள் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும். கொஞ்சம் பாத்து ஏறு சாமி."

சாமி என்று கொஞ்சித்தான் ஏற்றினேன். முழுக்கைச் சட்டை கொடுத்து, மணிக்கட்டில் கயிறும் கட்டிவிட்டேன். இரண்டு மரம் பறித்துவிட்டான். மூன்றாவது மரத்தில், ஒற்றை மூங்கில் ஏணியின் உச்சியில், இரண்டு கையும் கண்ணுக்குப் போனதைப் பார்த்தேன். அப்புறம் பாறையில் விழுந்த சத்தம். ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டு போனோம். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அலறினான். இனி இடுப்புக்குக் கீழே அசையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். தன்மையான பெண். எறும்புக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். சாம்பல் என்றேன். டிக் அடித்தாள். "ஆளு உழுந்தத எதுல எழுதறதுங்க?" என்றேன். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு இதுல எடமில்லீங்களே" என்றாள். உண்மையாகவே வருத்தப்பட்டாள். அவளைத் திட்டி என்ன செய்ய? ஏற்றியது நான்தானே.

சான்றிதழ் வந்தது. அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கிடந்தபடியே கேட்டான்: "சர்ட்டிபிகேட் வந்துருச்சுங்களாக்கா?"

"வந்துருச்சு."

முகம் மலர்ந்தது. "அப்ப இனிப் பொடி போட்டுக்கலாமுல்லீங்க? எங்கூட்டுக்காரி தம்பி ஏறறேங்கறான். அவனுக்குப் பழக்கம் பத்தாது, அதாங்க கேக்கறேன்."

அந்தச் சான்றிதழை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இனி எந்த வருஷமும் பொடி கூடாது. அவன் மனைவி என் கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள்.