பத்தாவது ஈரம்

மரைன் ஹில்லில் குடியிருக்கும் சந்திரமதிக்கு ஜெர்மனி போகும் எண்ணமெல்லாம் கிடையாது. ஃபோனில் ஜெர்மன் பாடம் இலவசமாக வந்தது, சேர்ந்துவிட்டாள். முதல் வாரச் சொல் ‘நஸ்’. ஈரமான என்று அர்த்தம். தினமும் பத்து ஈரப் பொருள்களைக் காட்டி, அந்தச் சொல்லைச் சொல்லி வீடியோ அனுப்ப வேண்டும். போர்ட் பிளேர் மழையில் அதற்கா பஞ்சம்? கொடியில் புடவை நஸ், தீப்பெட்டி நஸ், பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவின் பூனைகூட நஸ். சொல்லச் சொல்லச் சிரிப்புதான் வந்தது.

ஏழாம் நாள் சுள்ளென்று வெயில். குழாயடி, மாப்புத் துணி, கழுவின மீன் என்று ஒன்பதை ஒப்பேற்றிவிட்டாள். பத்தாவது அகப்படவில்லை.

கணவர் ஈஸ்வரன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

“கல்யாணத்துக்கு டைம் ஆச்சு, ஜல்தி கெளம்பு.”

“ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க” என்றவள், ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு வாளியைத் தூக்கினாள்.