நாவுல வீட்டுக்கு ஒரு டெலிபோன்

இங்கிலாந்தில் இடி இடித்தால் யாரும் எதையும் கழற்றுவதில்லை. வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. வானம் கறுத்து முதல் முழக்கம் கேட்டதுமே என் கை தன்பாட்டில் டிவி ப்ளக்கைத் தேடிப் போகும். ஃப்ரிட்ஜ், கேத்தல், சார்ஜர் என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, நல்ல பிள்ளையாகக் கதிரையில் உட்கார்ந்திருப்பேன். போன கோடையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு மார்கரெட் கதவைத் தட்டினார். எழுபதைத் தாண்டியவர். ஒரு கையில் மெழுகுவர்த்தி, மறு கையில் பிஸ்கட் பெட்டி. இங்கே மின்சாரத்துக்கு முன்கூட்டியே காசு கட்டும் வீடுகள் உண்டு. காசு தீர்ந்தால் வீடு இருண்டுவிடும். என் வீடு மட்டும் இருட்டாக இருப்பதைப் பார்த்து, மீட்டருக்குப் போடக் காசில்லை என்று நினைத்துவிட்டார். “வெட்கப்படாதே, யாருக்கும் வருவதுதான்” என்றார். இடிக்காக நானேதான் அணைத்தேன் என்று சொன்னேன். என் தோளைத் தட்டிக்கொடுத்து, “சரி, அப்படியே இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் நான் ஏழை.

மார்கரெட்டுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இலங்கையில், மாத்தளைப் பக்கம் இடி என்பது வானத்தில் நடக்கும் சங்கதி அல்ல, வீட்டுக்குள் வந்து போகும் சங்கதி. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் மத்தியானம் திரும்பினால் போதும், நக்கிள்ஸ் மலைப் பக்கம் உறுமத் தொடங்கிவிடும். உடனே தெரு முழுவதும் ஒரே வேலைதான். ப்ளக்கைக் கழற்றுவதோடு யாரும் நிறுத்துவதில்லை. டிவிக்குப் பின்னால் இருக்கும் அன்டெனா வயரையும் பிடுங்கி எடுத்து, தள்ளிப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார்கள். சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லோருக்கும் இதில் மட்டும் ஒரே வழக்கம். என் அண்ணன் இந்த விஷயத்தில் இன்னும் கடுமையானவர். பக்கத்து வளவில் ஒரு வீட்டுக்குள் வயர் வழியாக மின்னல் வந்து சுவரையே பிளந்ததை, கண் தெரிந்த காலத்தில் அவர் நேரில் பார்த்திருக்கிறார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். மலையை விட்டு முதலில் இறங்கியவர் அவர்தான். நாவுல – மாத்தளை பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து, நாவுலவிலேயே ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். பிள்ளைகள் இல்லை. அண்ணி போய்ச் சேர்ந்தபின் தனியாள். அதன்பின் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு முதலில் ஒரு கண்ணையும், கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்துக்கொண்டது. இப்போது அவருக்கு வெயில் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். அடுத்த வீட்டு பரீதா அக்கா காலையும் மாலையும் வந்து பார்ப்பார். இடியப்பமோ ரொட்டியோ கொண்டுவந்து வைப்பார். மற்ற நேரமெல்லாம் அவரும் அந்த வீடும்தான்.

செல்போன் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடுதிரை கண் இல்லாதவருக்கு வெறும் கண்ணாடித் துண்டு. பட்டன் வைத்த சின்ன போன் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றை எங்கோ வைத்துவிட்டுத் தேடித் தேடிக் களைத்தார், இன்னொன்று தண்ணீர் வாளிக்குள் போனது. “வச்ச எடத்துல இருக்கணும்டா. கைய நீட்டினா அது அங்க இருக்கணும். இப்ப எனக்கு அதுதான் கண்ணு” என்றார். ஒரு மேசைத் தொலைபேசி வேண்டும், அதுவும் நான் நினைத்தபோது பேசக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் வீடு இருக்கும் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னச் சந்துக்கு, தொலைபேசிக் கம்பி வரவில்லை. அப்போதுதான் இன்டர்நெட் வழியாக ஓடும் வீட்டுத் தொலைபேசி பற்றித் தெரியவந்தது. நான் இருக்கும் ஊரின் எண்ணையே நாவுலவில் வைத்துக்கொள்ளலாமாம். கேட்டதும் எனக்கு ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம். அண்ணன் என் அடுத்த தெருவுக்குக் குடிவந்துவிட்டதுபோல.

ஆனால் ஒரு போன் மணி அடிக்க இத்தனை சாமான் வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. சிம் போட்ட ரவுட்டர் ஒன்று. அதிலிருந்து இன்டர்நெட்டை வாங்கிப் பேச்சாக மாற்றித் தரும் அடாப்டர் பெட்டி ஒன்று, சவர்க்காரக் கட்டி அளவு. இரண்டையும் இணைக்கும் தடித்த வயர். பெட்டியிலிருந்து போனுக்குப் போகும் மெல்லிய வயர். பெரிய பட்டன்கள் வைத்த போன். ஐந்தாம் எண்ணின் மேல் ஒரு சின்னப் புள்ளி, விரல் தடவிக் கண்டுபிடிக்க. கரண்ட் போனாலும் உயிர் இருக்கட்டும் என்று ஒரு பேட்டரி. எல்லாவற்றையும் பெட்டியில் கட்டிக்கொண்டு போனேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன வியாபாரம் என்று சிங்களத்தில் கேட்டார். அண்ணனோடு பேசுவதற்கு என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

நான் நாவுலவுக்குப் போனது போன் பொருத்த மட்டுமல்ல என்பது அண்ணனுக்குத் தெரியும். மாத்தளை டவுனுக்கு வெளியே இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்கு இடம் கேட்டு வைத்திருந்தேன். நான் இங்கே வேலை செய்வதும் அப்படிப்பட்ட ஓர் இல்லத்தில்தான், சலவைப் பகுதியில். சுத்தமான விரிப்பு, நேரத்துக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் ஆள். அதையெல்லாம் சொன்னேன். அண்ணன் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: “வெள்ளக்காரனோட அப்பா அம்மாவ நீ பாப்ப. ஒன் அண்ணன இங்க வேற எவனாவது பாப்பான். அப்படித்தானே?” எனக்குக் கோபம் வந்தது. சரியான பேச்சுக்குத்தான் மனிதனுக்கு அப்படிக் கோபம் வரும். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். போன் ஒழுங்காக வேலை செய்யும்வரை, நான் கூப்பிடும்போது அவர் எடுக்கும்வரை, அவர் வீட்டிலேயே இருக்கலாம். எடுக்காமல் போனால் இல்லம். “பஸ் பெர்மிட் மாதிரி கண்டிஷன் போடுற” என்றார்.

ஒவ்வொரு வயரையும் அவர் விரலால் தடவித் தெரிந்துகொண்டார். “இடி இடிச்சாலும் இதக் கழட்டாதீங்கண்ணே. அதுக்குன்னு பாதுகாப்பு வச்சுத்தான் செஞ்சிருக்கான்” என்றேன். “இது இங்கிலீஷ்காரன் செஞ்சதுன்னு இடிக்குத் தெரியுமாடா?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

சில மாதங்கள் நன்றாகவே போயின. அங்கே பின்னேரம், இங்கே எனக்கு மத்தியான இடைவேளை. சலவை இயந்திரங்கள் சுற்றும் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணன் சொல்வதையெல்லாம் கேட்பேன். பேச்சு அவருக்கு எப்போதும் பஸ் ஓட்டம் மாதிரிதான். ஒவ்வொரு தரிப்பிலும் நின்று ஆள் ஏற்றாமல் போகமாட்டார். பரீதா அக்கா வீட்டில் புது ஆடு வந்திருக்கிறது, வெங்காயத்துக்கு இந்த முறை விலையில்லை, ஒழுங்கையில் எவனோ ராத்திரியெல்லாம் ஸ்பீக்கர் போட்டு உயிரை எடுக்கிறான். என் கைபேசியில் அந்தப் பெட்டிக்கென ஒரு செயலி உண்டு. பெட்டி உயிரோடு இருந்தால் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. காலையில் பல் துலக்கும்முன் அதைத்தான் பார்ப்பேன். பச்சை இருந்தால் அண்ணன் இருக்கிறார்.

ஐப்பசியில் புள்ளி சிவந்தது. முதலில் நான் அலட்டிக்கொள்ளவில்லை. இடி இடிக்கும், கழற்றுவார், மழை விட்டதும் திரும்பச் செருகுவார் என்று நினைத்தேன். ஆனால் மறுநாளும் சிவப்பு, அதற்கடுத்த நாளும் சிவப்பு. கூப்பிட்டால் ஒரு ஆங்கிலப் பெண் குரல், இந்த எண் தற்போது கிடைக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டது. பரீதா அக்காவின் வட்ஸ்அப்புக்கு அடித்தேன்.

“நல்லா ஈக்கிறாரு தம்பி, அல்ஹம்துலில்லாஹ். ஏன் கேக்கிறீங்க? தெனமும் நீங்க பேசுறீங்கதானே?”

“நானா?”

“ஓ. அஸர் தொழுதிட்டு நான் வரக்கொள்ள அவரு போன்ல ஈப்பாரு. தம்பியோட பேசுறேன் பரீதா, கொஞ்சம் நில்லுன்னு கையக் காட்டுவாரு. நேத்தும் சிரிச்சிச் சிரிச்சிப் பேசினாரே.”

நான் எதையோ சொல்லிச் சமாளித்து, அண்ணனுக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். படம் வந்தது. அந்தப் பெட்டியின் பின்னால் இரண்டு ஓட்டைகள் உண்டு. பெரியது இன்டர்நெட் வயருக்கு, சின்னது போன் வயருக்கு. போனிலிருந்து வரும் மெல்லிய வயர் பெரிய ஓட்டைக்குள் கச்சிதமாகச் செருகப்பட்டிருந்தது. அது அதற்குள்ளும் போகும், ‘டிக்’ என்றுகூடச் சத்தம் போடும், ஆனால் வேலை செய்யாது. ரவுட்டரிலிருந்து வரும் தடித்த வயருக்குப் போக இடமில்லை. மேசை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடி இடித்ததும் நாவுலவில் எல்லோரும் செய்வதையே அண்ணனும் செய்திருக்கிறார். சுவரில் இருந்ததை மட்டுமல்ல, அன்டெனா வயரைப் பிடுங்குவதுபோல, பெட்டிக்குப் பின்னால் இருந்ததையும் விடாமல் பிடுங்கியிருக்கிறார். மழை விட்டபின் தடவித் தடவிச் செருகியிருக்கிறார். போன் ஊமையாகிவிட்டது. பரீதா அக்காவிடம் சொன்னால் அவர் என்னிடம் சொல்வார். நான் இல்லம் என்பேன். அதனால் தினமும் பின்னேரம் ஊமைப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பரீதா அக்காவின் காதுக்குக் கேட்க, என்னோடு பேசியிருக்கிறார்.

மறுநாள் அதே நேரத்தில் பரீதா அக்காவை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். “யா அல்லாஹ்” என்று மட்டும் சொன்னார். சத்தம் போடாமல் அண்ணன் வீட்டு ஜன்னலோரம் போய் நிற்கும்படி கேட்டுக்கொண்டேன். செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு ஒரு ஆடு கத்தியது, பிறகு அண்ணனின் குரல்.

“ஆமாடா, சாப்பிட்டேன். பரீதா மரவள்ளிக் கெழங்கு அவிச்சுக் குடுத்தா... நீ என்ன சாப்பிட்ட?” கொஞ்சம் நிறுத்தினார். ஒருவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம். “அந்தக் காஞ்ச ரொட்டியத்தான் திம்பியா எப்பவும்? ஒடம்பப் பாத்துக்க.” மறுபடி நிறுத்தினார். “சேச்சே, அதுக்கெல்லாம் நான் கோவிக்கலடா. நீ என்ன வேணும்னா சொன்ன? அந்த எடத்துப் பேச்ச வுட்டுட்டேன்னு நேத்தே சொல்லிட்டியே, அது போதும் எனக்கு.” பிறகு நீண்ட நேரம் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். ம், ம் என்று முனகினார். அவர் காதில் விழுந்தது ஏதோ நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும், குரல் இளகிவிட்டது. “வரும்போது வா. அவசரமில்ல. லீவு கெடைக்கிறப்ப வா. ஒன் அறையக் கூட்டித்தான் வச்சிருக்கு.”

வீட்டுக்கு வெளியே நிற்கும் பரீதா அக்காவுக்காக மட்டும் ஒருவர் அப்படிப் பேசமாட்டார். சாட்சிக்காகத் தொடங்கியிருப்பார், பிறகு பழகிவிட்டது. துவைத்த விரிப்புகளின் சூட்டில் நின்றுகொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி, ஊரில் மரணமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பாமல் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

பரீதா அக்கா கிசுகிசுத்தார்: “வயர மாத்திக் குத்தட்டா தம்பி?” அந்த ஊமைப் போனுக்குள் ஒரு தம்பி அவரோடு நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். கோபப்படாதவன், கண்டிஷன் போடாதவன், வருவேன் என்று சொல்பவன். வயரைச் சரியாகச் செருகினால் அவன் போய்விடுவான், நான்தான் மிஞ்சுவேன்.

“மாத்துங்க அக்கா” என்றேன்.

மேசையைத் துடைக்கிறேன் என்று சொல்லி அவர் உள்ளே போவதும், அண்ணன் அவசரமாகப் போனை வைப்பதும் கேட்டன. பிறகு அழைப்புத் துண்டானது. கொஞ்ச நேரத்தில் புள்ளி பச்சையானது. அடித்தேன். அங்கே, நாட்கணக்கில் வாய் திறக்காத அந்த மேசையில், மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் ஹலோ சொல்லவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “அண்ணே, நான்தான்” என்றேன்.

பரீதா அக்கா இன்னும் பக்கத்தில்தான் நின்றிருப்பார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இப்பத்தானேடா பேசி வச்ச? என்ன, ஏதாச்சும் சொல்ல மறந்துட்டியா?”

“ஆமாண்ணே” என்றேன். அதற்குமேல் அந்தத் தம்பி என்ன சொல்வான் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.