வில்பட்டியில் சூசை அண்ணன் எண்ணிய அந்துப்பூச்சிகள்

சூசை அண்ணன் போய்விட்டார். காலையில் மாரடைப்பு... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

மருந்து அடிக்காமல் பூச்சியைப் பிடிக்கும் எங்கள் ப்ராஜெக்ட்டில் ஃபீல்டு அசிஸ்டென்ட். வில்பட்டி முட்டைக்கோஸ் தோட்டங்களில் பூச்சிப் பெட்டி கட்டி, வாராவாரம் எத்தனை அந்துப்பூச்சி விழுந்தது என்று எண்ணி எழுதுவார்.

பெட்டிக்குள் பெண் பூச்சியின் வாசனை இருக்கும், ஆண் பூச்சி அதை நம்பி வந்து பசையில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியை எங்கே, எவ்வளவு இடைவெளியில் கட்டுவது என்று கம்ப்யூட்டரில் மாடல் போடுவது என் வேலை.

எந்தப் பெட்டியில் எத்தனை விழும் என்று மாடல் சொன்னதற்கும் அண்ணன் எழுதியதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "அண்ணே, தோட்டத்துக்குப் போனீங்களா, இல்ல வீட்ல உக்காந்தே எழுதிட்டீங்களா?"

மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். "எண்ணுனதத்தான் எழுதிருக்கேன் மேடம். ஒருக்கா வந்து பாருங்க."

நான் போகவில்லை. திமிர், வேறென்ன... அவர் எழுதியதையெல்லாம் தப்பு என்று தூக்கிப் போட்டேன்.

பிறகு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, ஒரு அக்கா தன் தோட்டத்துப் பெட்டியைக் கழற்றிப் பக்கத்துத் தோட்டத்து வேலியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஊர்ப் பூச்சியெல்லாம் வாசன புடிச்சு என் கோஸுக்கு வரவா? அங்கனயே கெடக்கட்டும்" என்றார். பக்கத்துத் தோட்டக்காரர் சும்மா இருப்பாரா? அவர் பெட்டி இந்தப் பக்கம் தொங்கியது!

அண்ணன் வாராவாரம் பழைய இடத்தில் கட்டிவிட்டு வருவாராம். அவர் தலை மறைந்ததும் பெட்டி மறுபடி கிளம்பிவிடுமாம்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?" என்று திரும்பி வந்து அண்ணனிடம் கத்தினேன்.

"சொன்னா அவுக தோட்டத்த ப்ராஜெக்ட்ல இருந்து எடுத்துருவீங்க மேடம். பெறகு பழையபடி மருந்தத்தான் அடிப்பாக. பேசிப் பேசிச் சரி பண்ணிரலாம்னு பாத்தேன்."

அவர் மேலேயும் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. திட்டு வாங்கிக்கொண்டு அப்படி என்ன பொறுமை?

தனியாக மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம்" என்று சிரித்தார். அடுத்த மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

அதன்பிறகு மூன்று மீட்டிங் நடந்தது. மூன்றிலும் அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்றிலும் எனக்கு வாய் வரவில்லை... ச்சே.

நான் அவரை அப்படிக் கேட்ட அன்று அந்த ரூமில் இருந்த எல்லாரும் இங்கே என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். படித்துக்கொள்ளுங்கள்: அவர் எழுதியது அத்தனையும் உண்மை, தப்பு என்னுடையது.

மன்னிச்சிருங்கண்ணே. நீங்க இருக்கும்போதே சொல்லியிருக்கணும்.