டாக்டரின் புது வயலின்

நோயாளிகள் சாயும் நாற்காலியில் அன்று ஒரு வயலின் படுத்திருந்தது. தலைக்கு மேலே இருக்கும் பெரிய விளக்கைத் தாழ இறக்கி, வாய்க்குள் பார்ப்பதுபோலவே அதன் மரத்தில் ஓடும் ரேகைகளை டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் தடம் பதியக் கூடாதென்று கையுறைகூடப் போட்டிருந்தார். தி. நகரில் அவருடைய பல் மருத்துவமனையில் நான் உதவியாளராகச் சேர்ந்து அப்போதே பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டர் மயிலாப்பூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். எதிலும் தயங்காத மனுஷி. வேறு யாரோ பிடுங்கிவிடச் சொன்ன பல்லை "காப்பாத்திடலாம்" என்று அவர் சொன்னால் அந்தப் பல் பிழைத்துக்கொள்ளும். மதியம் வாசல் கதவைச் சாத்தியதும் எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் பாயை விரித்து, கல்லூரி நாளில் வாங்கிய பழைய வயலினோடு உட்கார்ந்துவிடுவார். பெரும்பாலும் ஒரே கல்யாணி கீர்த்தனைதான். பக்கத்து அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் கேட்டதில், சங்கீதம் தெரியாத எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது. சரணத்தில் மேலே ஏறும் ஓர் இடம் வரும். அங்கே மட்டும் ஸ்வரம் சறுக்கும். உடனே வில்லை நிறுத்திவிட்டு, "இந்த வயலின்ல இதுக்கு மேல வராதும்மா" என்பார். மரம் உலர்ந்துவிட்டது, கழுத்து வளைந்திருக்கிறது, தந்தி சுருதியில் நிற்பதில்லை என்று காரணங்களையும் சொல்வார். நான் அப்படியே நம்பினேன். பல்லைப் பற்றி அவர் சொன்னது பொய்த்ததில்லை. வயலினைப் பற்றிச் சொன்னது மட்டும் பொய்க்குமா என்ன?

அவர் குடியிருக்கும் அடுக்ககத்தில் நவராத்திரிக்கு எல்லாருமாகச் சேர்ந்து கொலு வைப்பார்கள், மாலையில் பாட்டும் இருக்கும். அந்த வருடம் தானே வாசிப்பதாக, அதுவும் புது வயலினில் வாசிப்பதாக, டாக்டர் சொல்லிவிட்டார். சிகிச்சைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். வாயைத் திறந்தபடி கிடந்த அவர்களால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

வாங்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்த கடை. கடைக்கார பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, டாக்டர் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் மரத்தைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒன்றை மடியில் சாய்த்து வில்லை ஒரு முறை இழுத்தார். கடை முழுவதும் நிறைந்தது அந்த நாதம். வாசலில் யாரோ நின்று எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் அதற்கு மேல் யோசிக்கவே இல்லை, அதையே வாங்கிவிட்டார். ஆட்டோவில் வயலின் பெட்டி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் டாக்டர் அதைக் கையால் அணைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் நான் சாப்பிடாமல் காத்திருந்தேன். பல்லவியே கணீரென்று எழுந்தது. அனுபல்லவி அதைவிட நன்றாக இருந்தது. பிறகு அந்த இடம் வந்தது. சறுக்கியது. பழைய வயலினின் கரகரப்பில் பாதி மறைந்துகிடந்த பிழை, இப்போது துல்லியமாகக் கேட்டது.

தந்தி புதுசு, படிய நாளாகும் என்றார் டாக்டர். அடுத்த நாள் ஏசி குளிர் காரணமானது. அதற்கடுத்த நாள் வில். ஒரு வாரம் போனதும் என்னைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னார். இரண்டு வயலின்களிலும் அந்த ஒரு இடத்தை மட்டும் மாற்றி மாற்றி வாசித்துவிட்டு, எது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ரெண்டாவதா வாசிச்சது புதுசு டாக்டர். சத்தம் நல்லா இருக்கு."

"அந்த இடம்?"

நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே நோயாளியிடம் சொல்லிப் பழகியவர் அவர்.

"அந்த இடம் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கு டாக்டர்."

"அப்போ வயலின் இல்ல" என்றார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லும் அதே குரல். வில்லைத் துடைத்து உள்ளே வைத்தார். அதன் பிறகு சில நாட்கள் மதியத்தில் பாயை விரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இத்தனை வருடமும் அவர் விரல்களின் பழியையெல்லாம் அந்தப் பழைய வயலின் சுமந்துகொண்டிருந்திருக்கிறது. புதிது வந்ததும் சுமக்க ஆளில்லை.

வேறு பாட்டு வாசிக்கலாமே என்று கேட்டுப் பார்த்தேன். "பல் வலிக்குதுன்னு வர்றவங்களை வேற பக்கம் மென்னு சாப்பிடுங்கன்னு நான் அனுப்பியிருக்கேனா?" என்று திருப்பிக் கேட்டார். மறுபடி பாய் விரிந்தது. இந்த முறை முழுப் பாட்டும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும், மெதுவாக, மறுபடி மறுபடி.

கொலுவுக்கு நானும் போயிருந்தேன். கையில் சுண்டலோடு எல்லாரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதே கீர்த்தனை. அந்த இடத்தில் சறுக்கியது. டாக்டர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்தார், சரணத்தின் தொடக்கத்துக்குப் போனார், நிதானமாக மறுபடி ஏறினார். இம்முறை சறுக்கல் கொஞ்சம்தான். நிற்காமல் வாசித்து முடித்தார்.

மேல் மாடி மாமி ஒருத்தி டாக்டர் பக்கத்தில் வந்து, "புது வயலினாமே, சரியா அமையலையோ? நடுவுல நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சியே" என்றாள்.

"வயலின் ரொம்ப நன்னா இருக்கு மாமி. நான்தான் இன்னும் அதுக்குத் தேறலை" என்றார் டாக்டர். குரலைத் தாழ்த்தவில்லை. கூச்சமும் இல்லை.

இப்போது சனிக்கிழமை காலையில் மருத்துவமனை திறப்பதில்லை. அடையாறில் தன்னைவிட வயதில் மிகவும் இளைய ஒரு ஆசிரியையிடம் டாக்டர் முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். அந்த இடம் பல நாள் சரியாக விழுகிறது. சில நாள் விழுவதில்லை. விழாத நாளில் காரணம் எதுவும் சொல்வதில்லை. போன வாரம் அந்த நேரத்தில் என் கைபேசியில் அழைத்த ஒரு நோயாளியிடம், டாக்டர் வயலின் கிளாசில் இருக்கிறார் என்றேன்.

"ஓ, கிளாஸ் வேற எடுக்கறாங்களா?" என்று வியந்தார்.

"எடுக்கலை சார். கத்துக்கறாங்க" என்றேன்.