அம்மன் என் வாயைக் கட்டிய ஆடி

அம்மனை நம்புகிற உங்களுக்கு, அவளோடு ஒரு மாதம் முழுக்கச் சண்டை போட்டவன் எழுதுகிறேன்.

போன வருடம் என் மனைவி செல்விக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் உதிரம் போனது. எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போனால் புருஷன்தான் பேசுவான். நானோ ரயிலேறினால் பெட்டியையே சிரிக்கவைக்கிறவன். "இத்தினி வருஷமா என் பேச்சைக் கேட்டா யாருக்குத்தான் தெம்பு இருக்கும், டாக்டர்?" என்பேன். டாக்டர் சிரித்துவிட்டுச் சத்து மாத்திரை தருவார். உதிரம் என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. செல்வி தலைகுனிந்திருப்பாள்.

மாத்திரை தீர்ந்தது, உதிரம் நிற்கவில்லை. பூதிகோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில்தான் போனாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "உனக்குக் காதே கிடையாதா தாயே?" என்று ஆடி முதல் நாள் கோயிலில் கத்தினேன். ஆத்திரத்தில் வேண்டிக்கொண்டேன்: இவளைக் காப்பாற்று, ஆடி முடியும்வரை வாய் திறக்கமாட்டேன். மற்றவர்கள் ஆடு, கோழி தருவார்கள். என்னிடம் கொழுத்திருந்தது நாக்கு ஒன்றுதான்.

தெருவே நிம்மதியாக இருந்தது. அது வேறு எரிச்சல். செல்விக்கோ உதிரம் அதிகமானது. நானும் பேசாமல் அம்மனும் பேசாமல் இருந்தால் எப்படி?

பெங்களூருக்கு ரயிலேறினோம். ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் என்னைப் பார்த்து "சொல்லுங்க" என்றார். வாயைத் தொட்டு, மேலே கைகாட்டிக் கும்பிட்டேன்.

"தொண்டை டாக்டர் மேல் மாடி," என்றார்.

செல்வி சிரித்துவிட்டாள். "அவரு வேண்டுதல்ல கீறாரு டாக்டர். நான் சொல்றேன்."

சொன்னாள். நாங்கள் சேர்ந்த பிறகும் உதிரம் வருவது எனக்கே அன்றுதான் தெரியும். கடைசியில் கேட்டாள்: "எங்க அக்காவும் இதுலதான் போச்சு. இது எங்க ரத்தத்துலயே கீதா? என் பொண்ணுக்கும் வருமா?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான, உடலுறவில் தொற்றும் வைரஸ் நிறையப் பெண்களுக்கு வரும், பெரும்பாலும் உடம்பே விரட்டிவிடும் என்றார். கிருமியை அடையாளம் காட்டும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்கு அந்த அடையாளம் மந்தம், ஆபத்து சற்றுக் கூடலாம். "அது தலையெழுத்து இல்லம்மா. யார் நடத்தையையும் குத்தம் சொல்லாதீங்க. பொண்ணுக்குத் தடுப்பூசி போடுங்க."

சுரங்க கேட்டில் ஒரு காவலாளிக்குத் திருடன் முகம் உடனே பிடிபடும், இன்னொருவருக்கு நேரமாகும். அருமையான உதாரணம் மனதில் வந்தது! சொல்ல முடியாமல் தவித்தேன்.

பரிசோதனையில், செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, இன்னும் புற்றுநோயாகவில்லை என்று தெரிந்தது. வராந்தாவில் அழுதேன், வேண்டுதலை மதித்து, சத்தமில்லாமல். அந்த இடத்தை மட்டும் அகற்ற ஆவணியில் நாள் குறித்தார்கள்.

ஆடி கடைசியில் கூழ் ஊற்றிய அன்று வாய் திறந்து "தாயே!" என்றேன்.

"இன்னும் ரெண்டு மாசம் சேர்த்து வேண்டிக்கினு இருக்கலாமில்ல?" என்றாள் செல்வி.

சொன்னபடி ஆவணியில் அகற்றினார்கள். மகளுக்கு ஊசி போட்டாயிற்று. செல்வி தவறாமல் பரிசோதனைக்குப் போகிறாள், தெருப் பெண்களையும் இழுத்துக்கொண்டு. நான் எல்லார் பையையும் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மனுக்குக் காதிருக்கிறது. நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். என் வீட்டில் அவள் பதில் சொல்ல, நான் வாயை மூடவேண்டியிருந்தது.